கரி என்றால் சாட்சி

வீடு மாறும்போது பழைய நோட்டுகளை எரித்தேன். கல்லூரி வேதியியல் நோட்டுகள், கணக்குப் போட்ட துண்டுத்தாள்கள், எழுதி அனுப்பாமலே விட்ட சில கடிதங்கள் என்று ஒரு சாக்கு நிறைய இருந்தது. மறுசுழற்சிக்குக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் கடிதங்களை யாராவது பிரித்துப் படித்துவிட்டால்? பேசாமல் தகர டின் ஒன்றில் போட்டுக் கொளுத்திவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்த சாக்கு, டின்னின் அடியில் நாலு விரல் உயரச் சாம்பலாகக் கிடந்தது. குச்சியால் கிளறினேன். காற்றுப் புகாத ஒரு மூலையில் ஒரே ஒரு தாள் சாம்பலாகாமல், முழுக்கக் கருகி, மடிப்புக் கலையாமல் இருந்தது. மையால் எழுதியதெல்லாம் மறைந்துவிட்டது. தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபோது மட்டும் கறுப்பின் மேல் மினுமினுப்பாக ஓர் அறுகோணம் தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. இருபது வயதில் நான் பென்சிலால் வரைந்த பென்சீன் வளையங்கள், ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வடிவம்.

காகிதம் கரியாகிவிட்டது. பென்சில் எழுத்து முதலிலிருந்தே கரிதான். கரி மேல் கரியால் எழுதியதை எப்படிப் படிக்க முடிந்தது என்ற கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

கருகிய காகிதத்தில் கார்பன் அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. விழுகிற வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடுகின்றன. பென்சிலில் உள்ள கிராஃபைட்டில் அதே அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து, தகடு தகடாகப் படிந்திருக்கின்றன. தட்டையான பரப்பு என்பதால் வெளிச்சம் தெறித்துத் திரும்புகிறது. நெருப்பில் தப்பியதற்கும் இந்த ஒழுங்குதான் காரணம். கிராஃபைட் லேசில் தீப்பிடிக்காது. உலோகம் உருக்கும் மூசையையே அதைக் கொண்டு செய்கிறார்கள். ஆக, நான் வரைந்த அறுகோணத்தின் கோடே கோடிக்கணக்கான அறுகோணங்களால் ஆனது. வரைந்தபோது இது தெரிந்திருந்தால் கரிம வேதியியலைக் கொஞ்சம் மரியாதையாகப் படித்திருப்பேன்.

கிராஃபைட் தகட்டுக்குள் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். ஒரு தகட்டுக்கும் அதன் மேல் தகட்டுக்கும் 0.335. தகட்டுக்குள் பிடி இரும்புப்பிடி. தகடுகளுக்கு நடுவே வெறும் ஒட்டுதல். பென்சிலை அழுத்தும்போது தகடுகள் வழுக்கிக்கொண்டு தாளில் உதிர்கின்றன, அவ்வளவுதான். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை கிராஃபைட்டின் மேல் ஒட்டி ஒட்டிப் பிரித்தே ஒற்றைத் தகட்டைத் தனியாக எடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற கருவிகளிலேயே மலிவானது அந்த டேப்பாகத்தான் இருக்கும்.

வைரத்தில் தகடே கிடையாது. ஒவ்வோர் அணுவும் நாலு திசையிலும் நாலு அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதுவும் கரிதான் என்று நிரூபிக்க, விலையுயர்ந்த கல்லை எரித்துப் பார்க்கும் மனம் வேண்டியிருந்தது. லவாய்சியே 1772-இல் பெரிய குவிலென்ஸ் வைத்து வெயிலில் வைரத்தை எரித்தார். 1797-இல் ஸ்மித்சன் டெனன்ட் வைரத்தைத் தங்கக் குழாயில் போட்டு எரித்து, வந்த வாயுவை அளந்தார். அதே எடையுள்ள கரியை எரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவே வந்தது. விளம்பரங்கள் சொல்லாத சேதி ஒன்று: நாம் வாழும் சாதாரண அழுத்தத்தில் நிலையான வடிவம் கிராஃபைட்தான், வைரம் இல்லை. கணக்குப்படி வைரம் கிராஃபைட்டாக மாறியாக வேண்டும். மாறுவதற்குத் தாண்ட வேண்டிய சுவர் மிக உயரம் என்பதால் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கார்பனுக்கு ஆறு எலக்ட்ரான், வெளிக்கூட்டில் நாலு. கொடுக்கவும் மனமில்லை, பறிக்கவும் வலுவில்லை. அதனால் பகிர்ந்துகொள்கிறது, நாலு கைகளாலும். இந்த நாலு கைக் கணக்கை 1858-இல் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கெக்குலே, பாடப்புத்தகத்தில் இருக்கிறார். இன்னொருவர் ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர், பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து இளைஞர். அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை அகாதமிக்குக் கொண்டுபோவதில் ஆய்வகத் தலைவர் தாமதித்தார். அதற்குள் கெக்குலேயின் கட்டுரை அச்சாகிவிட்டது. கூப்பர் தலைவரோடு சண்டை போட்டார், வேலை போயிற்று, ஊர் திரும்பினார், மனம் உடைந்தார். 1892-இல் இறக்கும்வரை மறுபடி வேதியியல் பக்கமே வரவில்லை. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே கோடு போட்டுப் பிணைப்பைக் காட்டிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். நானும் என் நோட்டில் அதே கோடுகளைத்தான் போட்டிருந்தேன். என்ன, கருகிய தாளில் இருக்கும் இரண்டாவது வளையத்தில் ஒரு கார்பனுக்கு ஐந்து கோடுகள் போட்டுவைத்திருக்கிறேன். அன்றைக்கே ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "ஐந்தாவது கை எங்கிருந்து வந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

நாலு கை என்றால் சிலிக்கனுக்கும் நாலு கைதான். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருக்கிறது. பூமியின் மேலோட்டில் கார்பனைவிடப் பல நூறு மடங்கு அதிகமாகக் கொட்டிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் உயிர் கார்பனைத்தான் பிடித்துக்கொண்டது. சிலிக்கன் அணுக்கள் ஒன்றோடொன்று சேரும் பிடி தளர்வானது. ஆக்சிஜன் பக்கத்தில் வந்தால் உடனே அதோடு போய்விடும். அப்புறம் திரும்பி வராது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று. கார்பன் எரிந்தால் வாயு வருகிறது. அது காற்றில் பறக்கும், நீரில் கரையும், இலைக்குள் நுழையும். சிலிக்கன் எரிந்தால் வருவது மணல். சிலிக்கனால் ஆன ஓர் உயிரி நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்து மூச்சு விட்டால் மூக்கிலிருந்து மணல் கொட்ட வேண்டியிருக்கும்.

சரி, சாக்குக்கு வருவோம். அவ்வளவு எடையும் எங்கே போயிற்று? காகிதம் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற மர நார்ப்பொருள். அதன் எடையில் 44 சதவீதம் கார்பன். ஒரு கிலோ செல்லுலோஸ் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரித்ததைவிட வந்தது அதிகம், ஏனென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. டின்னில் கிடந்த சாம்பலில் பெரும்பகுதி மரத்தினுடையதுகூட இல்லை. தாள் வெளுப்பாகவும் வழவழப்பாகவும் இருக்க ஆலையில் சேர்த்த வெண்களிமண், சுண்ணாம்புப் பொடி வகையறா. நோட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க என் தலைக்கு மேல் பறந்துவிட்டது.

இந்த இடத்தில் பெல்ஜியத்து வான் ஹெல்மாண்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 17-ஆம் நூற்றாண்டுக்காரர். உலர்த்திய மண் 200 பவுண்டை ஒரு தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அவர் கண்டது சரி. அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டியது பிசகு. வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர்தான் 62 பவுண்டு கரியை எரித்து, ஒரு பவுண்டு சாம்பல்தான் மிச்சம், பாக்கி கண்ணுக்குத் தெரியாத ஏதோவாகப் போயிற்று என்று எழுதிவைத்தார். அந்த ஏதோவுக்கு 'கேஸ்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. மரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஒரு கையில். மரக்கரி எங்கே போகிறது என்ற பதில் மறு கையில். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டவில்லை, அவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உடம்பு இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் நானும் பல ஆண்டுகள் "எரிந்து சக்தியாகிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எரிந்தால் அணு மறையாது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் இருவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூக்கு வழியே போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். மருத்துவர்களும் உடற்பயிற்சியாளர்களுமே பெரும்பாலும் தவறான பதில் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

நாம் மூக்கு வழியே விட்டதைப் பிடித்து மறுபடி மரமாக்குவது ரூபிஸ்கோ என்ற நொதி. உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று. வேலையில் மகா மந்தம். மற்ற நொதிகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும். இது மூன்று நான்கு மூலக்கூறைப் பிடித்தால் அதிகம். அதிலும் பலமுறை தடுமாறி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். இத்தனை மந்தம் என்பதால்தான் இலைகள் இதை மூட்டை மூட்டையாகத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஒரு பாரபட்சமும் உண்டு. இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 99 சதவீதம் கார்பன்-12. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், கொஞ்சம் கனமான கார்பன்-13. ரூபிஸ்கோ லேசானதை விரும்பி எடுக்கும், கனத்ததைக் கூடுமானவரை தவிர்க்கும். ஆகவே செடி வழியாகப் போய் வந்த எந்தக் கார்பனிலும் 13 கொஞ்சம் குறைவாக இருக்கும். செடியைத் தின்ற விலங்கிலும், செடி புதைந்து உண்டான நிலக்கரியிலும், கடல் நுண்ணுயிர்கள் புதைந்து உண்டான பெட்ரோலியத்திலும் அந்தக் குறை தொடர்ந்து வருகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

பழந்தமிழில் 'கரி' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. யானை இல்லை, அது வேறு. சாட்சி. கரி பொய்த்தல் என்றால் பொய்ச்சாட்சி சொல்லுதல். பொய்ச்சாட்சி சொன்னவன் கீழே இருந்த மரம் அழகெல்லாம் போய் வாடும் என்று ஒரு சங்கப் பாட்டு சொல்கிறது. அடுப்புக்கரியும் சாட்சிக்கரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் கார்பனைப் பற்றி எவ்வளவு படித்தாலும் மனம் அந்த இரண்டாவது பொருளுக்கே போகிறது.

மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் 1940 பிப்ரவரியில் பெர்க்லியில் இன்னும் கனமான, தானாகவே மெல்லச் சிதையும் கார்பன்-14-ஐக் கண்டுபிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நியூட்ரான்களைத் தெறிக்கவிடுகின்றன. அவை நைட்ரஜன் அணுவில் மோதும்போது கார்பன்-14 பிறக்கிறது. ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஒன்றுதான் இந்த வகை. அது மற்ற கார்பனோடு கலந்து கார்பன் டை ஆக்சைடாகி, இலைக்குள் போய், நமக்குள் வருகிறது. இதை வாசிக்கும் உங்கள் உடம்பில் வினாடிக்கு 3,000-க்கும் மேற்பட்ட கார்பன்-14 அணுக்கள் சிதைந்து நைட்ரஜனாகிக்கொண்டிருக்கின்றன. உயிரோடு இருக்கும்வரை சிதைந்ததை ஈடுகட்டப் புதியது வந்துகொண்டேயிருக்கும். உயிர் போனால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டில் பாதியாகும். மீதியை அளந்து இறந்த காலத்தைச் சொல்லலாம் என்று 1940-களின் பிற்பகுதியில் காட்டிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு வந்தது. ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. தொல்லியல்காரர்கள் அடுப்புக்குழியில் கிடைக்கும் ஒரு துண்டுக் கரியைப் பார்த்துத் துள்ளுவது இதனால்தான். மரம் மக்கிவிடும், கரி மக்காது.

நிலக்கரியும் பெட்ரோலியமும் புதைந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றில் கார்பன்-14 அறவே இல்லை. இதன் விளைவை முதலில் பார்த்தவர் ஹான்ஸ் சூஸ். 20-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த மர வளையங்களில் கார்பன்-14 இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதை 1955-இல் அவர் வெளியிட்டார். புகைபோக்கிகளிலிருந்து வந்த பழைய கார்பன் காற்றில் கலந்து நீர்த்துப்போகச் செய்திருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1958 மார்ச்சில், ஹவாயின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்குக் காற்றில் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு. 2024-இன் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அன்டார்க்டிகாவின் பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளை அளந்து பின்னோக்கிப் போனால், 8 லட்சம் ஆண்டுகளில் அது ஏறக்குறைய 180-க்கும் 300-க்கும் நடுவிலேயே ஏறி இறங்கியிருக்கிறது.

இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், "எரிமலை விடாததையா நாம் விட்டுவிட்டோம்?" என்று கேட்பார். முன்பெல்லாம் எரிச்சல்படுவேன். இப்போது அது நல்ல கேள்வி என்று தோன்றுகிறது, குறுக்கு விசாரணை செய்ய வழி கொடுக்கிறது. எரிமலைக் கார்பனிலும் 14 இல்லை. ஆகவே சூஸின் சாட்சியம் மட்டும் போதாது. ஆனால் எரிமலைக் கார்பன் ரூபிஸ்கோவின் கை படாதது, அதில் 13 அவ்வளவாகக் குறைந்திருக்காது. காற்றில் 13-இன் பங்கு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது. எனவே சேர்கிற கார்பன் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது. உயிரோடு இருந்தது, ஆனால் செத்துப் பல்லாயிரம் ஆண்டு ஆனது: அப்படிப்பட்டது நிலத்தடி எரிபொருள்தான். மூன்றாவது சாட்சி ஆக்சிஜன். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அதை அளந்துவருகிறார். காற்றில் ஆக்சிஜன் மிக மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது. மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, ஆனால் கருவிக்குத் தெரிகிறது. பூமியிலிருந்து வாயு சும்மா கசிந்தால் ஆக்சிஜன் குறையாது. எதையோ எரித்தால்தான் குறையும். எரிமலைகள் ஆண்டுக்கு விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது தனி.

விட்டதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் காடும் மண்ணும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கடல் வாங்கிக்கொண்டதற்கு விலை உண்டு: மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மை கூடக்கூட இறங்கும் அளவு) தொழிற்புரட்சிக்கு முன் இருந்த சுமார் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. சிறிய எண்ணாகத் தெரியும். இந்த அளவுகோலில் இது 30 சதவீத அளவுக்கு அமிலத்தன்மை கூடியதைக் குறிக்கும். சிப்பிகளுக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டும் வேலை கடினமாகிறது.

சாட்சியைக் கலைத்தது எரிபொருள் மட்டுமில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14-ஐக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. அப்படிப்பட்ட சோதனைகளைத் தடைசெய்த 1963 உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் அப்போது வளர்ந்த ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வோர் உடம்பிலும் முத்திரையாகப் பதிந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரீசனின் குழு 2005-இல் இந்த முத்திரையை வைத்து மூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கு வயது பார்த்தது. ஆளின் வயதுதான் நரம்பணுவின் வயது. பிறந்தபின் புதிதாக எதுவும் சேரவில்லை. கிரீன்லாந்துச் சுறாக்களின் கண் வில்லையை அதே வழியில் அளந்தவர்கள் 2016-இல், அவற்றில் பெரியது ஒன்றுக்குக் குறைந்தது 272 வயது என்றார்கள். கண் வில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்னமே உருவாகி, அப்புறம் மாறுவதே இல்லை.

நாம் எரிக்கிற பழைய கார்பன், அணுகுண்டு ஏற்றிவைத்ததையும் இப்போது நீர்க்கச் செய்துவிட்டது. உமிழ்வு குறையாமல் தொடர்ந்தால் 2050 வாக்கில் புதிதாக நெய்த பருத்திச் சட்டையும் ஆயிரம் ஆண்டு பழைய துணியும் கார்பன்-14 அளவில் ஒன்றுபோலவே இருக்கும் என்று ஹெதர் கிரேவன் 2015-இல் கணக்கிட்டார். அதாவது கரி பொய்க்கும்.

கருகிய தாளை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தொட்டால் பொடிந்துவிடும். அதை ஆய்வகத்தில் கொடுத்து அளந்தால், காகிதத்தின் கரி அணுகுண்டு முத்திரையைக் காட்டி, தன் மரம் 1950-களுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது என்று சொல்லும். அதன் மேல் உள்ள பென்சில் கோட்டில் கார்பன்-14 துளியும் இருக்காது. 50,000 ஆண்டுக்கு மேல், அதற்கு மேல் தெரியாது என்று கைவிரித்துவிடும். ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட சுழி எரிந்துபோய்விட்டது. அந்த ஐந்தாவது கை மட்டும் பளபளவென்று இருக்கிறது.